பட்டப்பெயர்களும் பழைய உழவுச் சொற்களும்

ஐரோப்பியர்க்கு உள்ளது போன்ற நிலையான குடும்பப் பெயர் ஈழத்துத் தமிழர்க்கு இல்லை. தந்தையின் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக நிற்றலே இந்நாட்டு வழக்கு. தந்தை பெயர் ஒரு தலைமுறையோடு கழிந்துவிடும். பேரன் கையொப்பத்திற் பாட்டன் பெயரின் முதலெழுத்தும் எஞ்சுவதில்லை. எனினும் உடையார், வன்னியனார், விதானையார், போடியார், மரைக்கார் என வரும் பட்டங்கள் பெயரின் பின்னே ஒட்டி நின்று, குடும்பப் பெயர் செய்யும் தொழிலை ஒருவாறு செய்து வந்தன. காணி உறுதிகளிலும் கோயிற் கணக்குகளிலும் இன்னார் மகன் இன்னார் என்பதனோடு இப்பட்டங்களும் எழுதப்பட்டன. இவற்றின் பொருளை ஆராயப் புகுந்தார் பலர். அவருட் பெரும்பாலார் அப்பொருளை அரண்மனையிலே தேடினர். வயலிலே தேடியவர் சிலரே. அதனால் நேர்ந்த பிழை சிறிதன்று. ஏனெனில், இப்பட்டங்களிற் பல ஒருவர் பிறப்பைச் சொல்ல எழுந்தன அல்ல. நிலத்தின்மீதும் நீரின்மீதும் அவர்க்கிருந்த பொறுப்பைச் சொல்ல எழுந்தன. ஊர்ப்பெயர்களின் இயல்பும் பெரும்பாலும் இதுவே. ஆகலின் ஊர்ப்பெயரை முதற்கண் ஆராய்ந்து, ஆட்பெயர்க்கு அதன் வழியே வருதல் பொருத்தமாகும்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே புல்மோட்டைக்குச் செல்லும் கரையோரப் பாதையில், நிலாவெளியைக் கடந்ததும் களப்பு ஒன்று கடலோடு கூடுமிடத்தை அண்டி அமைந்துள்ள ஊர் இறக்கக்கண்டி. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு, அதற்கப்பால் வயலும் காடும் என்றவாறு அமைந்தது அந்நிலம். பழைய கட்டுக்குளப்பற்றைச் சார்ந்தது அப்பகுதி. பற்றின் பெயரே உழவர்க்குரிய சொல்லாதல் காண்க. தானே அமைந்த பள்ளத்தினின்றும் வேறுபடுத்தி, கரைகட்டி நீர் தேக்கியதைக் கட்டுக்குளம் என்றனர். அத்தகைய குளத்தைப் பற்றி வாழும் நிலப்பகுதி கட்டுக்குளப்பற்று ஆயிற்று.

இறக்கக்கண்டி என்னும் தொடரைக் கேட்ட அளவில், யாரோ இறக்கக் கண்டதாக ஒரு சாவுக்கதை கட்டத் தோன்றும். கண்டி நகரத்துப் படையோ வணிகரோ வந்திறங்கிய துறை என்று சரித்திரம் சமைப்பதற்கும் இடமுண்டு. இரண்டும் ஏற்புடையன அல்ல. காண் என்னும் வினையடியாகக் கண்ட, கண்டு என்பன வருமேயன்றி, ஊர்ப்பெயரின் ஈற்றிலே தலைமைச் சொல்லாய் நிற்கக்கூடிய கண்டி என்னும் பெயர் பிறவாது. மலைநாட்டுத் தலைநகர்க்கோ கண்டி என்னும் பெயர் பிறர் இட்டது. கந்த உடரட்ட, அஃதாவது மலைமேல் நாடு, என்ற சிங்கள வழக்கைப் போர்த்துக்கேயர் குறுக்கி வழங்கியதனாற் பரவிய பெயர் அது. அந்நகரைச் சிங்களர் மஹநுவர என்றே சொல்வர். கடற்கரைச் சிற்றூர் ஒன்று தன் பெயரை அங்கிருந்து பெற்றது எனல் வலிந்து கொள்வதேயாம்.

சொல்லின் புணர்ச்சியை நோக்கினாற் பொருள் தானே விளங்கும். மரம் என்பதும் கிளை என்பதும் புணருங்கால் மகரம் கெட்டு வல்லெழுத்து மிக்கு மரக்கிளை என்றாவது போல, இறக்கம் என்பதும் கண்டி என்பதும் புணர்ந்து இறக்கக்கண்டி ஆயிற்று. இறக்கம் என்பது மேட்டினின்று தாழும் சரிவு. நீரில் இறங்கும் துறையுமாம். இதில் ஐயம் இல்லை. ஆராய்ச்சிக்குரியது கண்டி என்னும் பிற்பகுதியே.

கண்டி என்பதற்கு நிறுத்தலளவை என்று ஒரு பொருள் உண்டு. வணிகர் வழக்காகிய அதனை ஈண்டு ஒதுக்கிவிடலாம். எஞ்சுவன இரண்டு. கண்டித்தல் என்றால் வெட்டுதல், துண்டித்தல். அதன் வழியே கண்டம் என்பது துண்டு என்னும் பொருளதாய், கீழ்மாகாண உழவரிடையே பெருவயற் பரப்பின் ஒரு பகுதியைக் குறிக்க வழங்குகிறது. இம்முறையில் நோக்கின், கண்டி என்பது கரை அறுபட்ட இடம், நீர் வெளியேறும் வாய் எனப் பொருள்படும். மற்றொன்று, சிங்களத்தில் கண்டிய என்றால் குளத்தின் அணைகரை. அதனைக் கொண்டால் நீரைத் தடுத்து நிற்கும் கரை என்பது பொருளாகும். ஒன்று நீரை விடுவது. மற்றொன்று நீரை மறிப்பது. இரண்டும் ஒரு சொல்லுக்குப் பொருளாதல் எவ்வாறு எனச் சிலர் மலைவர்.

மலைவதற்குக் காரணம் இல்லை. ஆங்கிலத்தில் அணைகரையைக் குறிக்கும் டைக் என்னும் சொல்லும், அகழியைக் குறிக்கும் டிச் என்னும் சொல்லும் பழைய ஆங்கிலத்து ஒரே சொல்லின் இரு கிளைகளாம். மண்ணை வெட்டிய பள்ளமும் அம்மண்ணைக் கொட்டிய மேடும் ஒரு வேலையின் இரு பக்கங்கள். மண்வெட்டி பிடித்தவனுக்கு அவை இரண்டல்ல. அகராதி தொகுப்போனுக்கே இரண்டாம்.

எனினும் இவ்வூரைப் பொறுத்தவரை, வெட்டுவாய் என்னும் பொருளே சிறந்ததெனத் தோன்றுகிறது. முன்னிற்கும் இறக்கம் என்ற சொல்லுக்கு இசைவது அதுவே. கீழ்க்கரைக் களப்புகளின் இயல்பும் இதற்குத் துணை நிற்கும். வடகீழ்ப் பருவக்காற்று மழை பெய்யும் மாதங்களிற் களப்பு நிறைந்து மணற்றிட்டை அறுத்துக்கொண்டு கடலிற் பாயும். கோடையில் அலை கொணரும் மணல் வாயைத் தூர்க்கும். நீர் தானே அறுக்காவிடில் மக்கள் மண்வெட்டியோடு சென்று அறுத்துவிடுதல் கீழ்மாகாணத்தில் அறியப்பட்ட செயலே. அறுக்கத் தவறினாற் களப்பை அடுத்த வயல்கள் மூழ்கும். காலமல்லாக் காலத்து அறுத்தால் உவர்நீர் உட்புகும். பயிரின் வாழ்வும் சாவும் தங்கிய அவ்வாய்க்குத் தனிப்பெயர் அமைதலும், அப்பெயர் ஊர்க்கு ஆதலும் இயற்கையே.

இதே பாதையின் வடக்கே உள்ள புல்மோட்டை இதற்குச் சான்று பகரும். மோட்டை என்பது முதற்கண் வயல் வரம்பிலே விழும் துளையைக் குறித்த சொல். நீர் ஒழுகும் துளையிலிருந்து நீர் நிற்கும் பள்ளத்துக்கும் சிறு குளத்துக்கும் அது பெயராயிற்று. வன்னியிலும் திருகோணமலைப் பகுதியிலும் மோட்டை என முடியும் ஊர்கள் பல. கந்தளாயை அடுத்த பாலமோட்டை, பழந்தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்தமையால் வரலாற்று மாணவர் அறிந்தது. உடைப்பைக் குறித்த சொல் ஊரைக் குறித்தல் இந்நாட்டு உழவர்க்குப் புதிதன்று என்பது இவற்றாற் பெறப்படும்.

இறக்கக்கண்டிக்கு அண்மையிலுள்ள கும்புறுப்பிட்டி வேறொரு வகையிற் பாடம் புகட்டுவது. சிங்களத்தில் கும்புற என்றால் நெல்வயல். ஆகவே வயல்மேடு என்று பொருள் உரைப்பது எளிது. உழவுக்குப் பெருமை தருவதுமாகும். ஆயின் அதே மொழியில் கும்புறு என ஒரு முட்கொடியும் உண்டு. தமிழர் கழற்சி என்று வழங்கும் அக்கொடி கடற்கரை மணலிலும் கரையோரப் புதரிலும் செழித்து வளர்வது. பிட்டி என்பதோ மணல் திரண்ட மேடு. மணல்மேட்டில் வயலைக் காண்பதினும் கழற்சிக்கொடியைக் காண்டல் எளிது. பெருமை தரும் பொருளை விடுத்து நிலத்துக்கு இசைந்த பொருளைக் கொள்வதே ஆராய்ச்சி முறை. உழவுச் சொற்களைத் தேடுவோன் எல்லாப் பெயரிலும் உழவையே காண்பானாயின், அரண்மனையைத் தேடுவோனினும் அவன் எவ்வாற்றானும் சிறந்தவன் அல்லன்.

சேனையூர் இதற்கு மறுதலை. மூதூர்ப் பகுதியிலுள்ள இவ்வூர்க்குப் படையைத் தொடர்புபடுத்த யாவரும் முந்துவர், சேனை என்பது படையாதலால். காடு வெட்டிச் சுட்டு, அச்சாம்பல் நிலத்திலே குரக்கனும் சோளமும் விதைக்கும் சேனைப் பயிர்ச்செய்கையும் அச்சொல்லாலேயே வழங்கும் என்பதனை அவர் நினைப்பதில்லை. சிங்களத்தில் ஹேன எனவும், ஆங்கில அரசினர் ஏடுகளிற் சேனா எனவும் வழங்குவது அதுவே. தம்பலகாமமும் இத்தகையதே. நீர் நிறைந்த வயலை எருமை கொண்டு மிதிப்பித்துச் சேறாக்குதலைத் தம்பலடித்தல் என்பர். அவ்வூரின் பெயரில் வெற்றிலைத் தம்பலத்தையும் செம்பையும் தேடியவர் உண்டு. கந்தளாய்க் குளத்து நீரால் விளையும் அவ்வயல்வெளியிற் சேற்றைத் தேடியிருப்பின் அலைச்சல் குறைந்திருக்கும். நிலாவெளி, குச்சவெளி என்பவற்றின் ஈற்றிலுள்ள வெளி, மரமடர்ந்த காட்டுக்கு மாறான திறந்த பரப்பு. வயற்பரப்பைக் குறித்தும் கீழ்மாகாணத்தில் அச்சொல் வழங்கும். அதனைச் சோழநாட்டு நிலவளவையாகிய வேலியோடு மயக்குவது ஆங்கில எழுத்தால் விளைந்த தவறு.

இனி ஆட்பட்டங்களுக்கு வருவோம்.

சங்கப் புலவருள் ஆலத்தூர் கிழார், கோவூர் கிழார், அரிசில் கிழார் எனப் பெயர் பெற்றார் பலர். கிழமை என்றால் உரிமை, கிழான் உரிமையுடையான். ஊரின் நிலத்தில் உரிமையுடையவன் என்பதே அப்பெயரின் பொருள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் இதனிடத்தை உடையான் என்னும் சொல் பெற்றது. இன்ன ஊர் உடையான் இன்னான் என ஆயிரக்கணக்கான பெயர்கள் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. கராஷிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் சோழர் கல்வெட்டுப் பெயர்களை யெல்லாம் திரட்டி 1978இல் வெளியிட்ட மூன்று தொகுதிகள், உடையான் என்பது பெரிதும் நிலவுடைமையைச் சுட்டிய பெயர் என்பதைத் தெளிவுறுத்தின. காணி என்னும் சொல்லின் வரலாறும் இதனோடு இணைத்து நோக்கத்தக்கது. சோழநாட்டில் அது வழிவழி வரும் உரிமையைக் குறித்தது. ஈழத்தில் உரிமை என்ற கருத்து மறைந்து, நிலமே காணி ஆயிற்று.

உடையான் என்பது உடையார் என ஈழத்தில் நிலைத்த வரலாறு சுவையானது. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிகளில் உடையார் என்பவர் வரிதண்டவும் ஊர்க் காரியம் பார்க்கவும் அமர்த்தப்பட்ட தலைமைக்காரர். அவர்க்குமேல் வன்னியனார் அல்லது மணியகாரர், கீழே விதானைமார். நிலத்தை உடையவன் என்னும் பெயர், நிலத்தின் வரியை எண்ணுபவன் பெயராயிற்று. ஆங்கிலத்திலும் இதனை ஒத்த மாற்றம் நிகழ்ந்துள்ளது, ஆயின் எதிர்த்திசையில். பார்மர் என்ற குடும்பப் பெயரை இன்று உழவன் எனப் பொருள்கொள்வர். அதன் முதற்பொருளோ, நிலையான தொகைக்கு வரியையோ வருவாயையோ குத்தகை எடுத்துத் தண்டுபவன் என்பது. குத்தகைக்கு நிலமெடுத்து உழுதவனை அச்சொல் பின்னரே குறித்தது. உழவனுக்குரிய பழம்பெயர் வேறிடத்தில் ஒளிந்திருக்கிறது. கிரேக்க மொழியில் மண்ணில் உழைப்பவன் எனப் பொருள்படும் சொல்லின் வழி வந்தது ஜோர்ஜ். அப்பெயர் தாங்கிய ஆங்கில மன்னர் நால்வர் ஆணை இலங்கையிற் செல்லிற்று. அவர்க்கு ஏர் பிடிக்கத் தெரிந்திருந்ததோ என்பது வேறு கதை.

திருகோணமலைக்கே சிறப்பாக உரிய பட்டங்களைக் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலிற் காணலாம். பெயர் கல்வெட்டாயினும் அது ஏட்டில் எழுதப்பட்டது. கோணேசர் கோயிற் பணிகளையும், அப்பணி செய்வார்க்கு விடப்பட்ட நிலங்களையும், அவர்தம் கடமைகளையும் கூறுவது. குளக்கோட்டன் குடியேற்றினன் என அந்நூல் கூறும் மக்களுள் தானத்தார், வரிப்பத்தார் என்போர் சிறப்பாகக் குறிக்கப்படுவர். குளக்கோட்டன் என்னும் பெயரே குளத்தையும் கோட்டத்தையும், அஃதாவது நீர்நிலையையும் கோயிலையும், அமைத்தவன் என்னும் பொருள்படச் செயலால் அமைந்தது என்பது மரபு. அரசர்க்கும் அப்பகுதியில் உழவு வழிப் பெயரே நின்றது.

தானத்தார் என்றதும் தானம் கொடுத்தோர் அல்லது பெற்றோர் எனக் கொள்ளுதல் பெருவழக்கு. தென்னாட்டுக் கோயிற் கல்வெட்டுகளில் ஸ்தானத்தார் என்போர் கோயிலை நிருவகித்த அதிகாரிகள். ஸ்தானம் தமிழிலே தானம் என்றாகும்; அதனைக் கொடைப்பொருளதாகிய தானத்தோடு ஒன்றாக்கியது ஒலி செய்த மயக்கம். இஃது ஒரு சொற்பொருட் பிணக்கு மாத்திரம் அன்று. கொடை பெற்றவர் எனக் கொண்டால் அவர்க்கு நிலம் அருளாற் கிடைத்ததாகும். நிருவகித்தவர் எனக் கொண்டால் அது பொறுப்பின் பொருட்டு விடப்பட்டதாகும். சொல்லின் பொருள் மாறவே உரிமையின் இயல்பும் மாறுகிறது.

வரிப்பத்தார் என்பதும் அவ்வாறே. பற்று என்பது பேச்சுவழக்கிற் பத்து என்றாதல் அக்கரைப்பற்று முதலிய ஊர்ப்பெயர்களைச் சொல்வார் வாயிற் கேட்கப்படுவது. எனவே வரிப்பற்றார் என்பதே வரிப்பத்தார் என மருவிற்று எனல் பொருந்தும். வரியாகிய கடமைக்கு ஈடாக நிலத்தைப் பற்றி நின்றவர் அவர். கோயிற்குரிய நெல்லும் எண்ணெயும் பூவும் விறகும் காலந்தவறாது சேர்ப்பித்தலும் ஏனைத் தொழும்பு செய்தலும் அக்கடமை. இதனைப் பக்தர் என்னும் சொல்லோடு இணைத்து, வரிசையாய் நின்ற அடியார் என உரைத்தல் பத்திக்கு அழகாகலாம்; சொல்லாராய்ச்சிக்கு அழகன்று. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் மலைமேற் கோயிலை இடித்தனர். கோயில் வீழ்ந்த பின்னும், அதன் பணிக்கு வகுக்கப்பட்ட பெயர்கள் தம்பலகாமத்திலும் ஏனைப் பற்றுகளிலும் தொடர்ந்து வாழ்ந்தன. நிலத்தைத் தொட்ட பெயர் கட்டடத்தைத் தொட்ட பெயரினும் உரம் வாய்ந்தது போலும்.

சமயத்தையும் கடந்து இப்பட்டங்கள் வழங்கின என்பதற்கு நிலாவெளிக்கு மேற்கே காட்டகத்தே உள்ள பெரியகுளம் சான்று. வெல்கம் விகாரை, இராசராசப் பெரும்பள்ளி என இரு பெயர் பூண்ட அப்பௌத்தப் பள்ளியில் 11ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. நந்தாவிளக்குக்கும் அதன் நெய்க்கான பசுக்களுக்கும் கொடை வழங்கினோர் அவற்றிற் பேசப்படுவர். அவருள் ஆதித்தப் பேரரையன் ஒருவன். அரையன் என்பது அரசன் என்பதன் திரிபேயாயினும், அவன் முடிவேந்தன் அல்லன். பட்டத்தை அதன் எழுத்துப்பொருளிற் கொண்டு குடிவழி கற்பித்தல் எத்துணைப் பிழைபடும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டா.

விதானை என்னும் பட்டம் ஆணை, ஏற்பாடு எனப் பொருள்படும் வடசொல்லின் வழியாகச் சிங்களத்திலும் தமிழிலும் புகுந்தது. கீழ்மாகாணத்து வட்டை விதானை என்பார் வயற்பரப்பின் தலைவர்; வட்டை என்பது ஒரு சுற்றாக அமைந்த வயற்பரப்பு. சிங்களர் இவரை வெல் விதானே என்பர். போகம் தொடங்குமுன் கூட்டம் கூட்டி விதைப்புக்கு நாள் குறித்தல், நீரை முறைவைத்து விடுதல், வேலி அடைப்பித்தல், பயிர் மேயும் மாட்டைப் பிடித்தல் என்பன அவர் பணிகள். 1856ஆம் ஆண்டின் நீர்ப்பாசனச் சட்டம் இப்பழைய முறையைச் சட்ட வலியோடு மீட்டும் நிலைநாட்டிற்று. அவர்க்குக் கூலி பணமாக அன்று, களத்திலே நெல்லாக அளக்கப்பட்டது. அத்தகைய நெற்கூலியைச் சிங்களர் ஹுவந்திரம் என்பர். தமிழ்நாட்டு ஊர்க்கணக்குகளில் அதற்குச் சுதந்திரம் என்று பெயர். இன்று நாட்டு விடுதலையைக் குறிக்கும் சொல், களத்து மேட்டிலே ஊரவர்க்கு உரிமையாய்ச் சேரவேண்டிய சில மரக்கால் நெல்லாக ஒருகாலத்தில் இருந்தது! பிலிப் குணவர்த்தனா கொணர்ந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் இப்பதவியை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஊர்த் தலைமைக்காரர் பதவி 1963இல் நீங்கிக் கிராம சேவகர் வந்தனர். அதன்பின் விதானையார் என்ற சொல் வீட்டின் அடையாளமாய் மட்டும் எஞ்சிற்று. விதானையார் வளவு என்பர், அவ்வளவில் விதானையும் இல்லை, வட்டையும் இல்லை.

மரைக்கார் பற்றி ஒரு சொல். கரையோர முஸ்லிம்களிடையே பள்ளிவாசற் பொறுப்பாளர்க்கும் குடும்பங்கட்கும் வழங்கும் இப்பட்டத்தை மரக்கலத்தோடு தொடர்புபடுத்துவாரும், கலம் எனப் பொருள்படும் அரபுச் சொல்லோடு தொடர்புபடுத்துவாரும் உளர். இரண்டும் கடலையே சுட்டலின் பிணக்கு பெரிதன்று. நெல்லளக்கும் மரக்காலைக் கீழ்மாகாணத்தார் மரைக்கால் என்பதனாலே இப்பட்டத்தையும் களத்துக்கு இழுப்பதுதான் கூடாது. போடியார் கீழ்மாகாணத்தில், சிறப்பாக மட்டக்களப்பில், பெருவயல் உடையவர். தமிழரும் முஸ்லிம்களும் ஒப்ப வழங்கும் பட்டம் அது. அவர் வயலைப் பொறுப்பேற்று நடத்தும் முல்லைக்காரனைச் சங்கத்து முல்லைத்திணையோடு உடனே முடிச்சிடுவது, ஒலியொப்புமை கண்ட அளவிலே உறவு கூறும் அதே குற்றத்தின்பாற்படும்.

எல்லாவற்றுள்ளும் மிகுந்த வாதத்துக்கு இடமானது வேளாளர் என்னும் பெயர். வேள் என்றால் விரும்புதல். ஆகவே பிறரை விரும்பிப் பேணுவோர் என்பர் ஒரு சாரார். வெள்ளத்தை ஆள்வோர் வெள்ளாளர், அதுவே வேளாளர் ஆயிற்று என்பர் மற்றொரு சாரார். வேளிர் என்னும் குறுநில மன்னரோடு தொடர்புபடுத்துவர் வேறு சிலர். காரை ஆள்வோர் காராளர் என்ற இணைப்பெயரையும் துணைக்கு அழைப்பர். அறம், நீர், அரசு, மேகம் என நான்கு வழிகள் திறந்துள்ளன. ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய வழியிற் செல்வர். திருக்குறளில் வேளாண்மை விருந்தோம்பலையும் ஒப்புரவையும் சார்ந்தே வருகிறது. உழவைப் பற்றிய அதிகாரத்துக்கு உழவு என்றே பெயர். எனவே ஈகைப்பொருள் பழைமையுடைத்து என்பதை மறுத்தற்கில்லை.

ஆயின் இவ்வாதம் புரிவோர் கருதாது விட்ட வழக்கொன்று கீழ்மாகாண வயல்களில் உண்டு. அங்கே வேளாண்மை என்பது குணமும் அன்று, குலமும் அன்று. வயலில் நிற்கும் நெற்பயிர். வேளாண்மை வெட்டுதல் என்றால் நெல்லறுத்தல். மழை பிந்தினால் வேளாண்மை காயும். வெள்ளம் வந்தால் வேளாண்மை அழியும். யானை வந்தால் வேளாண்மையை உழக்கும். தமிழ் உழவனும் முஸ்லிம் உழவனும் ஒரே பொருளில் இச்சொல்லை ஆள்வர். சிங்களத்திலும் உழவன் கொவியா, நிற்கும் பயிர் கொயம் என அமைந்து, ஆளும் பயிரும் ஒரு சொற்குடும்பமாய் நிற்றல் ஒப்பு நோக்கத்தக்கது. பேணும் பண்பைக் குறித்த சொல் பேணப்படும் பயிரைக் குறித்தது வழக்கின் தேய்வு எனச் சிலர் இரங்கக்கூடும். அது தேய்வன்று, விளைவு. ஒரு வகுப்பார்க்குப் பட்டமாய் நின்ற சொல்லைக் கீழ்மாகாணத்து வயல் பொதுவாக்கிக்கொண்டது. பட்டத்தின் மூலத்தைப் பற்றி ஏடெழுதுவோர், அப்பட்டம் மண்ணில் விழுந்து முளைத்த இவ்விடத்தை வந்து கண்டிலர்.

கடலோரத்திலும் உழவுச் சொல் நின்றபாடில்லை. நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களில் நீர் நிறுத்தும் கட்டங்களைப் பாத்தி என்பர். உப்பு விளைகிறது என்பர். சங்கப் புலவரும் உப்பு விளைப்போரை உழவராகவே கண்டனர்.

இச்சொற்களை ஆராய்வது ஓய்ந்திருப்போர் பொழுதுபோக்கு என்று கருதுவார் இறக்கக்கண்டியின் அண்மைக்கால வரலாற்றை நோக்குக. 1983 முதல் 2009 வரை நீடித்த போரினால் அப்பகுதி மக்கள் பன்முறை இடம்பெயர்ந்தனர். 2004 திசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அக்கரையோரத்தை அழித்தது. வீட்டோடு காணி உறுதிகளும் போயின. உறுதி இல்லாதவன் தன் நிலத்தைக் காட்ட வேண்டின் எல்லை சொல்ல வேண்டும். எல்லை சொல்லக் கண்டம், கண்டி, மோட்டை, பிட்டி என்னும் சொற்களே அவனுக்குத் துணை. அச்சொற்களின் பொருள் தெரியாத இளைஞன் தன் பாட்டன் உறுதியைப் படித்தும் நிலத்தைக் காணமாட்டான். ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி மீண்டும் தமிழாக்குங்கால் றகரம் ரகரமாகிறது. இறக்கம் இரக்கமாகி, சரிவும் துறையுமான ஊர் பரிதாபத்துக்குரிய ஊராகிறது. ஓர் எழுத்தில் நிலத்தின் உருவமே மறைந்துவிடுகிறது.

இதனினும் கொடிது பெயரை உரிமைப் பத்திரமாக்கும் வழக்கம். கண்டி சிங்களச் சொல்லே, ஆதலின் ஊர் எமது என்பாரும், கண்டி தமிழ்ச்சொல்லே, ஆதலின் ஊர் எமது என்பாரும் ஒரே தவற்றை இருபுறமும் நின்று செய்வர். இம்மாவட்டத்து உழவுச் சொற்களில் எத்தனையோ இரு மொழியிலும் வேரூன்றியவை. கரை கட்டியவரும், நீர் பங்கிட்டவரும், களத்தில் நெல்லளந்தவரும் அயலவர் சொல்லைக் கேட்டுக் கற்றே தொழில் செய்தனர். ஒரு சொல் எந்த மொழியில் முதலில் எழுந்தது என்பது மொழிநூலார் தீர்க்க வேண்டிய வழக்கு. நிலம் யாருடையது என்பது அதனால் தீர்வதன்று. வரிப்பத்தார் நிலம் பற்றியது தம் பெயரின் பழைமையால் அன்று, ஆண்டுதோறும் அளந்த நெல்லால்.

வெளிநாடுகளிற் குடியேறிய தமிழர் குடும்பங்களில் மற்றொரு மாற்றம் நிகழ்கிறது. குடும்பப் பெயர் யாது என்று அந்நாட்டுப் படிவங்கள் கேட்கும். தந்தையின் இயற்பெயரையே எழுதிவிடுவர். அப்பெயர் பிள்ளைக்கும் பேரனுக்கும் நிலைத்துவிடும். இவ்வாறு, முன் ஒருபோதும் இல்லாத குடும்பப் பெயர் தமிழர்க்கு உண்டாகிவருகிறது. ஆயின் அதில் ஊரும் இல்லை, தொழிலும் இல்லை, பற்றும் இல்லை. இன்னும் நூறாண்டு கழித்து அப்பெயர்களை ஆராய்வோன், ஏதோ ஒரு குடிவரவு அலுவலகத்தின் படிவத்தையே மூலமாகக் காண்பான்.

வயலிலும் சொற்கள் குறைகின்றன. முன்னர் அறுத்த கதிரைக் கட்டிக் கொணர்ந்து குவித்துச் சூடு வைப்பர். பின் நாள் பார்த்துக் களவெட்டியிலே மாடு விட்டுச் சூடடிப்பர். களவெட்டிக்கென்று தனிப் பேச்சொன்று இருந்தது. அங்கே நெல்லை நெல்லென்று சொல்லார், பொலி என்பர். வீட்டிலும் தெருவிலும் வழங்காத வேறு பல குறிச்சொற்களும் அக்களத்துக்கு உரியனவாய் இருந்தன. இன்று அறுவடை இயந்திரம் வயலினுள்ளேயே அறுத்து அடித்து, நெல்லைச் சாக்கிலே கொட்டிவிடுகிறது. களவெட்டி இல்லை; அதன் பேச்சும் இல்லை. சூடு என்றால் வெப்பம் என்றே பள்ளிச் சிறுவர் பொருள் சொல்வர்.